கட்டத்துக்குள் ஒரு முகம்: சேர்வராயன் மலையும் நவீன ஆளுருவக் கலையும்

ஒருவரின் முகத்தைத் துணியிலோ களிமண்ணிலோ கண்ணாடித் தகட்டிலோ பதித்துவிட்ட மாத்திரத்தில் அது ஆளுருவம் ஆகிவிடாது. ஓவியர்கள் தம் பேச்சில் போர்ட்ரெய்ட் என்று குறிப்பிடும் ஆளுருவப் படைப்பு, இன்னார் என்று பெயர் சொல்லத்தக்க ஒரு மனிதரை அவருக்கே உரிய சாயலோடும் இருப்போடும் முன்வைப்பது. அதற்கு எதிர்முனையில் நிற்பது வகைமாதிரிப் படம், அதாவது எதிரே நிற்கும் மனிதரை அவருடைய குலத்துக்கோ தொழிலுக்கோ ஒரு சான்றுப் பொருளாக மட்டும் காட்டும் படம். நவீன இந்தியக் கலையில் ஆளுருவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரண்மனைகளில் தொடங்கிக் கலைக் கல்லூரிகளில் முடித்துவிடுகின்றனர். ஆயினும் இவ்விரு வகைப் படங்களுக்கும் உள்ள வேறுபாடு தமிழ்நாட்டில் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று, ஓவியக் கூடம் எதுவும் இல்லாதிருந்த சேர்வராயன் மலையே ஆகும். அதை வெளிப்படுத்தியவர்கள், படம் எடுக்கப்படவும் அளக்கப்படவும் மறுத்த மலையாளி மக்கள்.

சேலம் நகருக்கு வடகிழக்கே எழுந்து, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் இம்மலைத்தொடரின் தொல்குடிகளுக்கு மலையாளி என்ற பெயர் வழங்குவதால், அவர்களைக் கேரளத்தாரோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. மலையை இடமாகக் கொண்டோர் என்பதே அப்பெயரின் பொருள், பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய பின், தோட்டங்கள் பெருகின. தோட்டங்களின் பின்னே சர்வே வந்தது. சங்கிலியும் முக்காலியும் தூக்கிவரும் சர்க்கார் ஆட்கள் ஒரு நிலத்தை அளந்தால் அதற்கு வரி விதிக்கப்படும் அல்லது அந்நிலம் கைமாறும் என்பதைச் சென்னை மாகாணத்து உழவர்கள் எல்லோரையும்போல இம்மலை மக்களும் பட்டறிந்திருந்தனர். பின்னால் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இந்த அறிவு முதன்மையானது.

1885 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தமிழ் வாசகர்களுக்கு 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற பெயரில் மொழிபெயர்ப்பாகக் கிடைக்கும், 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்த பெருநூலின் ஆசிரியர். அந்நூலுக்கு முன்னோடியாக அருங்காட்சியகம் வெளியிட்ட ஆய்விதழ்களுள் 1899ஆம் ஆண்டுக்குரிய ஒன்றில், ஆனைமலைக் காடர்களோடு சேர்த்துச் சேர்வராயன் மலையாளிகளைப் பற்றிய பகுதியும் இடம்பெற்றது. தர்ஸ்டன் பயன்படுத்திய முறை மனித உடல் அளவையியல் எனப்படுவது. தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கித் தலைக் குறியெண் காண்பதும், மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து மூக்குக் குறியெண் காண்பதும், அந்த எண்களைக் கொண்டு குலங்களை வரிசைப்படுத்துவதும் அதன் வேலை. உடன் சென்ற கேமரா, எண்கள் சொல்வதைக் கண்ணுக்கும் காட்டும் துணைக் கருவி.

சேர்வராயன் மலையில் தமக்கு நேர்ந்ததைத் தர்ஸ்டனே பதிவு செய்திருக்கிறார். அவரை நிலவரித் திட்ட அதிகாரி என்று எண்ணிய மக்கள், தம் நிலங்களை அரசாங்கத்தின் பெயரால் எடுத்துக்கொண்டு தம்மைக் கடல் கடந்த தீவுகளுக்கு அனுப்பிவிடுவார் என்று வெளிப்படையாகவே அஞ்சினர். அவர் ஓர் ஊரைப் படம் எடுக்க முனைந்தபோது, கேமராவை நிலம் அளக்கும் கருவி என்று கருதி எதிர்ப்புத் தெரிவித்தனர். பொன், வெள்ளி நகைகளைக் காட்டினால் தம் வசதிக்கு அது சான்றாகிவிடும் என்று அவற்றை மறைத்தனர். தம்மை அளக்க விடுவதைவிடக் கழுத்தை அறுத்துக்கொள்வது மேல் என்று ஒருவர் அவருடைய முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஓடிப்போனார். பெண்கள் அளக்க உடன்படவே இல்லை. கண்ணேறு பட்டுவிடும் என்று குழந்தைகளைக் கூட அவர் முன்னே கொண்டுவரவில்லை. தர்ஸ்டன் இதையெல்லாம் மலை மக்களின் ஐயப்பாட்டுக்கும் மூடநம்பிக்கைக்கும் எடுத்துக்காட்டாகவே எழுதினார். அவருடைய நூலைப் படித்த பலரும் அப்படியே ஏற்றுக்கொண்டனர்.

இந்த ஏற்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. கேமராவை அளவைக் கருவி என்று மலையாளிகள் எண்ணியது பிழையன்று. தர்ஸ்டன் காலத்து மானிடவியலில் கேமரா அளவைக் கருவியாகவே பயன்பட்டது. 1869இல் ஜான் லாம்ப்ரே என்பவர் லண்டன் இனவியல் கழகத்தின் இதழில் ஒரு முறையை வெளியிட்டார்: மரச்சட்டம் ஒன்றில் பட்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, 2 அங்குலச் சதுரங்களாகப் பிரித்து, அதன் முன்னே ஒருவரை ஆடையின்றி நிறுத்திப் படம் எடுத்தால், உலகின் எந்த மூலையில் எடுத்த படத்தையும் வேறொரு மூலையில் எடுத்ததோடு ஒப்பிட்டுவிடலாம் என்பது அவருடைய திட்டம். மக்களைத் தாளில் அடுக்கும் வேலை இந்தியாவில் அதற்கும் முன்னரே தொடங்கியிருந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் கேயும் தொகுத்த 'இந்திய மக்கள்' என்ற ஆங்கிலப் படத்தொகுப்பு 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகளாக வெளிவந்தது. தர்ஸ்டனோ, தம் அளவை முறைகளைச் சென்னைக் காவல்துறையினருக்கும் அருங்காட்சியகத்தில் செய்முறையாகக் கற்பித்தார். பாரிஸ் காவல்துறையில் பெர்ட்டில்லான் உருவாக்கியிருந்த, உடல் அளவுகளைக் கொண்டு குற்றவாளியை அடையாளம் காணும் முறை அப்போது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. நிலத்தின் சர்வே, உடலின் சர்வே, காவல்துறையின் பதிவேடு ஆகிய மூன்றும் ஒரே அரசின் மூன்று கைகள் என்று ஏற்காட்டு மலையில் நின்ற ஓர் எளிய உழவர் உணர்ந்தார் என்றால், அவருடைய பார்வை அருங்காட்சியகத்தின் பார்வையைவிட நுட்பமானது என்றே கொள்ள வேண்டும்.

மலையாளிகளின் மறுப்பின் எடையை உணர, இம்மலையைச் சூழ்ந்த பகுதிகளின் பழைய உருவ மரபு ஒன்றைச் சற்று நினைத்துப் பார்ப்பது தகும். சேலம், தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. ஆநிரையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ இறந்துபட்ட வீரனின் உருவத்தைக் கல்லில் பொறித்து, மேலே அவனுடைய பெயரையும் செயலையும் எழுதி நட்டுவைத்த கற்கள் அவை. முகச்சாயலைச் சிற்பி தேடவில்லை. பல நடுகற்களில் முகம் ஒன்றுபோலவே இருக்கிறது. பெயர் மட்டும் தவறவில்லை. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தைச் சேர்ந்த, செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் வீரனோடு நின்று போரிட்ட நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. சாயல் இல்லாமலும் பெயர் இருந்தால் ஆளுருவம் உண்டு என்று கருதிய மரபு அது. தர்ஸ்டனின் 7 தொகுதிகளிலும் படங்களின் கீழே பெரும்பாலும் காணப்படுவது குலத்தின் பெயர் மட்டுமே. துல்லியமான சாயல் இருக்கிறது, ஆளில்லை. நாய்க்கும் பெயர் பொறித்த நிலத்தில் மனிதருக்குப் பெயர் எழுதாமல் விட்டதை வெறும் அச்சுச் சிக்கனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வகைமாதிரியின் பிடி கேமராவோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1873இல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்று எண்ணெய் வண்ண ஆளுருவத்தில் இந்தியர் ஒருவரின் தேர்ச்சியை நிலைநாட்டிய ரவிவர்மாவே, 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பிய 10 ஓவியங்களில் இந்தியாவின் வெவ்வேறு சமூகப் பெண்களை வகைக்கு ஒருவராகத் தீட்டினார். உடையும் நகையும் சமூகத்தைச் சொல்கின்றன. முகங்களோ ஒன்றுக்கொன்று உறவுபோலத் தோன்றுகின்றன. ஆனால் அதே 1893ஆம் ஆண்டைச் சேர்ந்த, தம் மகள் மகாபிரபையைக் கைக்குழந்தையோடு நிறுத்தி வரைந்த ஓவியத்தில், தகப்பன் வரும் திசையைக் காட்டும் தாயின் உடல் சாய்வில் ஒரு குறிப்பிட்ட பெண் உயிரோடு நிற்கிறாள். ஒரே கை, ஒரே ஊடகம், ஒரே ஆண்டு. தெரிந்தவரை வரைவதற்கும் தெரியாதவரை வகைப்படுத்துவதற்கும் இடையே எண்ணெய் வண்ணத்தால் எந்த மதிலும் எழுப்ப முடியவில்லை.

இவ்விடத்தில் கருவியின் மேல் பழிபோடும் எளிய முடிவைத் தவிர்க்க வேண்டும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் நிறுவிய சென்னைக் கலைப்பள்ளி, தர்ஸ்டனின் அருங்காட்சியகத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 1929இல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற வங்கத்துக் கலைஞர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, களிமண்ணில் உருவம் வனைந்து வெண்கலத்தில் வார்க்கும் ஐரோப்பிய முறையில் தேர்ந்தவர். அவரிடம் பயின்று பின்னர் அதே நிறுவனத்தின் முதல்வராகவும் ஆன எஸ். தனபால், பெரியாரின் மார்பளவுச் சிலை உள்ளிட்ட ஆளுருவச் சிற்பங்களைச் செய்தவர். இத்தகைய சிற்பத்தில் முதலில் கம்பிக் கூடு கட்டி, அதன்மேல் களிமண் அப்பி, எதிரே அமர்ந்திருப்பவரின் நெற்றி அகலம், தாடை நீளம், காதுக்கும் மூக்குநுனிக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைக் காலிப்பர் எனப்படும் கவைக் கருவியால் அளந்து மண்ணில் ஒப்பிட்டுப் பார்ப்பது பாடத்திலேயே உள்ள வழக்கம். தர்ஸ்டனின் கையில் இருந்ததும் அதே இனக் கருவிதான். எனினும் சிற்பியின் காலிப்பர் எடுக்கும் அளவு எந்தப் பட்டியலுக்கும் போவதில்லை. அமர்ந்திருப்பவர் எழுந்து வந்து மண்ணைப் பார்க்கலாம், மூக்கு சரியில்லை என்று சொல்லலாம், அடுத்த நாள் வர மறுக்கவும் செய்யலாம். அளவு அந்த ஒருவரிடமே திரும்பி வந்து முடிகிறது. ஏற்காட்டில் எடுக்கப்பட்ட அளவோ சென்னைக்குப் போயிற்று, அங்கிருந்து லண்டனுக்கும் போயிற்று, மலைக்கு மட்டும் திரும்பவில்லை.

ராய் சௌத்ரியின் மிகப் புகழ்பெற்ற படைப்பான, 1959 சனவரியில் சென்னை மெரினாவில் திறந்து வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை இந்த வாதத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. பாறையை நகர்த்தும் நான்கு பேருக்கும் பெயர் இல்லை. அந்த அளவில் அவர்களும் வகைமாதிரிகளே. ஆனால் தோள்களும் முதுகுகளும் விலாக்களும் வெவ்வேறு மனிதர்களின் உடல்களிலிருந்து படித்தறியப்பட்டவை என்பதைச் சிலையைச் சுற்றி நடப்பவர் காணலாம். அதற்கு முன்பு சென்னையில் வெண்கல உருவம் பெறும் தகுதி பெரும்பாலும் ஆளுநர்கள், தளபதிகள் போன்றோருக்கே இருந்தது என்பதையும், தாமஸ் மன்றோ குதிரைமேல் அமர்ந்து 1839 முதல் அதே நகரில் நின்றுகொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெயரற்ற உழைப்பாளிகளை அதே உலோகத்தில் கடற்கரையில் நிறுத்தியது ஒரு திருத்தம் என்பது விளங்கும். அதை முழுமையான ஆளுருவம் என்று சொல்ல முடியாது. வகைமாதிரி அடைந்த உயர்நிலை என்று சொல்லலாம்.

லாம்ப்ரே கட்டிய கட்டத்துக்குத் தமிழகத்தில் வேறொரு வாழ்வும் இருந்தது. ஏற்காட்டு மலையடிவாரச் சாலையில், 1930களில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஆண்டுக்குப் பல படங்களை எடுத்துத் தள்ளிய காலத்தில், அப்படங்களின் முகங்கள் ஊர் ஊராகப் போனது பேனர் ஓவியர்களின் கைவழியாகத்தான். ஸ்டில் எனப்படும் சிறிய புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களைத் துணியிலும் இழுத்து, கட்டத்துக்குக் கட்டம் கோடுகளைப் பெயர்த்து, பின்னர் வண்ணம் ஏற்றுவது அவர்களுடைய முறை. கட்டம் அங்கே முகத்தைச் சுருக்கி எண்ணாக்கவில்லை, வீட்டுயரத்துக்கு வளர்த்தது. வண்ணம் ஏறியதும் கட்டம் மறைந்தும்விட்டது. கன்னத்தில் நீலமும் பச்சையும் தயங்காமல் அடிக்கும் அந்தத் துணிச்சலைக் கலைக் கல்லூரிகள் காலம் கடந்தே மதித்தன. கணினியில் அச்சாகும் ஃபிளெக்ஸ் வந்த சில ஆண்டுகளுக்குள் அத்தொழில் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது, துணிகளும் மிஞ்சவில்லை என்பது தமிழ்நாட்டின் ஆளுருவக் கலை வரலாற்றில் பெரிய இழப்பு.

தனபாலின் சமகாலத்தவரும், 1957 முதல் 1967 வரை சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்து 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியவருமான கே. சி. எஸ். பணிக்கர், மனித உருவங்களை நிறைய வரைந்தபின், 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் முகத்தை முதன்மையிடத்திலிருந்து அகற்றிவிட்டு, ஜாதகக் கட்டங்களையும் படிக்க முடியாத எழுத்து வரிகளையும் வைத்தார். பிறந்த நொடியைக் கட்டத்துக்குள் வைத்து ஒருவரின் வாழ்நாளைச் சொல்ல முயலும் ஜாதகம், நம் வீடுகளில் முகப்படத்துக்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் எழுதப்படும் ஆளுருவம் என்பதைப் பணிக்கர் கூறியதாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த ஓவியங்களின் முன் நிற்கும் தமிழ் வாசகருக்கு அப்படி எண்ணத் தோன்றுவதைத் தடுக்கவும் முடியாது. அவருக்குப் பின்வந்த கே. எம். ஆதிமூலம் நேர் எதிர்த்திசையில் போனார். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி, வெறும் மையும் பேனாவும் கொண்டு காந்தியின் உருவத்தை மீண்டும் மீண்டும் வரைந்தார். கட்டமும் இல்லை, அளவும் இல்லை. கோடு எங்கே நின்று எங்கே பாய்கிறது என்பதிலேயே வயதும் களைப்பும் வந்துவிடுகின்றன. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கு அவர் வரைந்த கோட்டுருவங்கள், கரிசல் மண்ணின் மனிதர்களை எந்த இனவியல் படத்தையும்விட நெருக்கமாக இலட்சக்கணக்கான வாசகரிடம் கொண்டு சேர்த்தன. மலிவான அச்சுத்தாளில் வந்ததால் அவற்றை நவீன ஆளுருவக் கலையின் பட்டியலில் சேர்க்கத் தயங்குவது நியாயமாகத் தோன்றவில்லை.

புகைப்படமும் இதே காலத்தில் வேறு கைகளுக்கு மாறியிருந்தது. சிற்றூர்களின் ஸ்டுடியோக்களில், வரைந்த திரைச்சீலைக்கு முன்னே, விரும்பிய உடை உடுத்தி, விரும்பிய பொருளைக் கையில் பிடித்து, காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்களே அந்தப் படத்தின் உரிமையாளர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து, எண்மப் பதிவாக்கிப் பாதுகாக்கும் பணியை மேற்கொண்டது. அந்தப் படங்களையும் தர்ஸ்டனின் படங்களையும் அருகருகே வைத்தால், கேமரா ஒன்றே என்றாலும் அதை நோக்கும் கண்கள் வேறாக இருப்பது தெரியும். ஸ்டுடியோவில் அமர்ந்தவர் தம் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறார்.

வகைமாதிரியையே எடுத்து அதற்கு எதிராகத் திருப்பிய படைப்பு 2000க்கும் 2004க்கும் இடையே பெங்களூரில் உருவானது. சிற்பியாகப் பயின்ற புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு இணைந்து செய்த 'தென்னிந்தியாவின் பூர்விகப் பெண்கள்: நடையும் வழக்கமும்' என்ற வரிசையில், தாமே எல்லா வேடங்களையும் ஏற்று, ரவிவர்மாவின் நாயகியாகவும் வேளாங்கண்ணி மாதாவாகவும் செய்தித்தாளில் வந்த கைதியாகவும் நீலகிரித் தோடர் பெண்ணாகவும் நின்றார். கட்டமிட்ட பின்திரைக்கு முன்னே, அளவைக் கருவி உடலைத் தொட, அவர் கேமராவைப் பார்க்கும் படத்தைக் காண்பவர் பின்திரையின் கட்டங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, கட்டத்தைக் கட்டியவர் யார் என்று கேட்கத் தொடங்குகிறார். நடிப்பு, ஒப்பனை, அரங்க அமைப்பு, புகைப்படம் எல்லாம் கலந்த இந்த ஊடகம் ஆளுருவத்துக்குப் புதியது, அதன் கேள்வி வலிமையானது. ஆயினும் அதில் ஒரு குறை எஞ்சுகிறது. பழைய மூலப்படத்தில் நின்ற தோடர் பெண்ணின் இடத்தில் இப்போது நகரத்துக் கலைஞர் நிற்கிறார். அந்தப் பெண் யார் என்பது இன்னும் எழுதப்படவில்லை.

அதை எழுத முடியும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உண்டு. 1925இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பியாட்ரிஸ் பிளாக்வுட் என்ற மானிடவியலர், கனடாவின் கைனாய் தொல்குடி மக்களை உடலளவு ஆய்வின் பொருட்டு எடுத்த 33 புகைப்படங்கள் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 2001இல் அவற்றின் படிகளை அந்த மக்களிடமே கொண்டு சென்றபோது, முதியவர்கள் அவற்றில் இருந்தோரை அடையாளம் கண்டு பெயர் சொன்னார்கள், உறவுமுறை சொன்னார்கள். முக்கால் நூற்றாண்டுக் காலம் வகைமாதிரிகளாக இருந்த படங்கள் அதன்பின் பாட்டனாரும் பாட்டியும் ஆயின.

சேர்வராயன் மலையில் காலம் இன்னும் கூடுதலாகக் கடந்துவிட்டது. முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இனி இருக்க மாட்டார்கள். ஆனால் நகை, கொண்டை, துணி கட்டிய விதம், வீட்டு முகப்பு, ஊரின் சாய்வு ஆகியவற்றைப் பார்த்து எந்த ஊர், எந்தக் கால்வழி என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையின் ஊர்கள் எல்லாம் மேலே ஒன்றுகூடுகின்றன. அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் தம்மிடம் உள்ள பழைய மலைப்படங்களின் படிகளை எடுத்துக்கொண்டு ஒரு முறையேனும் அங்கே போக வேண்டும். அங்குள்ளோர் வைக்கச் சொல்வதை வைத்து, எடுக்கச் சொல்வதை எடுத்துவிட வேண்டும். தர்ஸ்டனின் நூலை இனி மறுபதிப்பு செய்யும் பதிப்பாளர்கள், மலையாளிகள் பற்றிய பகுதியில் ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும்: இம்மலையில் ஒருவர் தம்மை அளக்க விடவில்லை, பெண்கள் உடன்படவில்லை, குழந்தைகள் அழைத்துவரப்படவில்லை, கேமராவை அவர்கள் சரியாகவே அடையாளம் கண்டிருந்தார்கள்.